இறைச்சிக்கூட வாசலில் குதிரையின் பாஸ்போர்ட்

பிரிட்டனில் இறைச்சிக்காகக் குதிரையை அறுப்பதற்குச் சட்டத்தில் தடை இல்லை. அந்நாட்டு மக்கள் குதிரைக்கறியை அநேகமாகத் தொடுவதில்லை. அறுத்ததில் பெரும்பகுதி பிரான்ஸ், பெல்ஜியம், இத்தாலி போன்ற நாடுகளுக்குப் போய்விடும். 2012இல் ஒன்பதாயிரத்துக்கும் சற்று அதிகமான குதிரைகள் பிரிட்டனில் அறுபட்டன. மாடு, பன்றிக் கணக்கோடு வைத்துப் பார்த்தால் இது சொற்பம். ஆனால் இறைச்சி ஆய்வில் பல வருடம் வேலை பார்த்தவர்களைக் கேட்டால், தலைக்கணக்கில் அதிக நேரத்தை விழுங்கும் விலங்கு குதிரைதான் என்பார்கள்.

மாட்டுக்கன்று பிறந்த சில நாட்களிலேயே காதில் எண் வில்லை ஏறிவிடுகிறது. அன்றிலிருந்து அதற்கு ஊசி போடுகிறவர், தீவனம் வைக்கிறவர், விற்கிறவர், வாங்குகிறவர் எல்லோருக்கும் அது ஒருநாள் தட்டில் வரும் என்பது தெரியும். குதிரைக்கு அப்படி இல்லை. அது பந்தயத்துக்காக வளர்க்கப்பட்டிருக்கலாம். சவாரிப் பள்ளியில் இருபது வருடம் உழைத்திருக்கலாம். ஒரு வீட்டுக் குழந்தையின் செல்லமாக இருந்து, குழந்தை வளர்ந்து கல்லூரிக்குப் போனதும் விற்கப்பட்டிருக்கலாம். அது உணவா இல்லையா என்ற கேள்வி எழுவதே கடைசிக் கட்டத்தில்தான். அதுவரை மருந்து கொடுத்தவர்களில் யாரும் அதை உணவாக நினைத்துக் கொடுத்ததில்லை. எனவே குதிரை விஷயத்தில் அரசின் கண்காணிப்பு பின்னோக்கியே நடக்க வேண்டியிருக்கிறது. வாசலுக்கு வந்து நிற்கும் விலங்கிடமிருந்து அதன் பத்துப் பதினைந்து வருட வாழ்க்கையைப் படித்தெடுக்க வேண்டும். இந்தத் துறையின் விதிகள் எல்லாமே அந்தப் படிப்புக்காக ஏற்பட்டவை. அவற்றின் ஓட்டைகள் எல்லாமே அந்தப் படிப்பு தவறுகிற இடங்கள்.

சிக்கலின் மையத்தில் இருப்பது பினைல்பியூட்டசோன் என்ற வலிநிவாரணி. லாயங்களில் அதன் பெயர் பியூட். விலை குறைவு, தூளாகத் தீவனத்தில் கலந்து கொடுத்துவிடலாம், நொண்டும் குதிரை இரண்டு நாளில் நேராக நடக்கும். சென்ற நூற்றாண்டின் நடுவில் மனிதர்களின் மூட்டுவலிக்கும் இதே மருந்தைக் கொடுத்தார்கள். எலும்பு மஜ்ஜை இரத்த அணுக்களை உற்பத்தி செய்வதையே நிறுத்திவிடும் அபாயம் சிலருக்கு ஏற்பட்டதால் மனித மருத்துவத்தில் அதன் உபயோகம் மிகவும் சுருங்கிவிட்டது. யாருக்கு எந்த அளவில் அந்தப் பாதிப்பு வரும் என்று சொல்ல முடியாது. ஆகவே இறைச்சியில் இவ்வளவு வரை இருக்கலாம் என்று ஓர் எல்லையை ஐரோப்பிய ஒன்றியம் வகுக்கவில்லை. விளைவு, வாழ்நாளில் ஒரே ஒரு தடவை பியூட் சாப்பிட்ட குதிரைகூட நிரந்தரமாக உணவுச் சங்கிலிக்கு வெளியே. உடம்புக்குள் போனதும் பினைல்பியூட்டசோனாக மாறும் சக்ஸிபியூசோனுக்கும் இதே விதிதான்.

வேறு சில மருந்துகளுக்கு இவ்வளவு கடுமை இல்லை. உணவு விலங்குகளுக்கு அனுமதி இல்லாதவை, ஆனால் குதிரை வைத்தியத்தில் தவிர்க்க முடியாதவை என்று ஒரு பட்டியலை 2006இல் ஐரோப்பிய ஆணையம் வெளியிட்டது. அப்பட்டியலில் உள்ளதைக் கொடுத்தால் ஆறு மாதம் கழித்து அறுக்கலாம். கொடுத்த தேதி பாஸ்போர்ட்டில் பதிவாக வேண்டும். 2013இல் பட்டியல் திருத்தப்பட்டது. பியூட் அதில் அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

குதிரைக்குப் பாஸ்போர்ட் என்பது விளையாட்டுக்குச் சொல்வதல்ல. 1993இல் ஐரோப்பாவில் இனப்பதிவு பெற்ற குதிரைகளுக்கென்று வந்த ஆவணம் அது. 2000இல் மருந்துப் பக்கங்கள் சேர்ந்தன. பிறகு, சேற்றில் மேயும் மட்டக்குதிரை முதல் கழுதை வரை எல்லாவற்றுக்கும் கட்டாயமாயிற்று. ஐரோப்பிய விதிமுறை 504/2008 நடைமுறைக்கு வந்த 2009 ஜூலை 1க்குப் பின் அடையாளப் பதிவு பெற்றவற்றுக்குக் கழுத்தில் மைக்ரோசிப்பும் சேர்ந்தது. ஒவ்வொரு குதிரைக்கும் பதினைந்து இலக்க ஆயுள் எண் ஒன்று. சிப்புக்கும் தனியாகப் பதினைந்து இலக்கம்.

அந்தப் புத்தகத்தின் உள்ளே ஒரு பக்கத்தில், இந்த விலங்கு மனித உணவுக்கு உரியதல்ல என்ற அறிவிப்பு இருக்கிறது. உரிமையாளரோ மருத்துவரோ அதில் கையெழுத்திட்டுவிட்டால் அதைத் திரும்பப் பெற வழியில்லை. உரிமையாளர் மாறினாலும், நாடு மாறினாலும் அது அழியாது. பியூட் கொடுக்குமுன் மருத்துவர் பாஸ்போர்ட்டைக் கேட்டு வாங்கி, அந்தப் பக்கம் கையெழுத்தாகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் கையெழுத்து வாங்கிவிட்டுக் கொடுக்க வேண்டும். இது எழுத்தில் உள்ள விதி. இராத்திரி பதினோரு மணிக்கு வயிற்று வலியில் புரளும் குதிரையைப் பார்க்கக் கூப்பிடுகிறார்கள். டார்ச் வெளிச்சத்தில் மருத்துவர் வந்து நிற்கிறார். பாஸ்போர்ட் எங்கே என்று கேட்டால், வீட்டில் எங்கேயோ அலமாரியில், அல்லது பழைய உரிமையாளரிடமே. மருத்துவர் ஊசியைப் போட்டுவிட்டுப் போகிறார். அந்தப் பக்கம் வெள்ளையாகவே இருந்துவிடுகிறது. பின்னால் நடக்கும் முறைகேடுகளில் எத்தனை சதி, எத்தனை இப்படிப்பட்ட மறதி என்று பிரித்துச் சொல்வது கஷ்டம்.

பிரிட்டனில் பாஸ்போர்ட் வழங்கும் அமைப்புகள் 2013 வாக்கில் எழுபத்தைந்து வரை இருந்தன. இனச் சங்கங்கள், விளையாட்டுச் சங்கங்கள், வேறு பல நிறுவனங்கள் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வடிவம், ஒரு முத்திரை. இவற்றின் பதிவுகளை ஒன்றுசேர்த்து வைத்திருந்த தேசியத் தரவுத்தளம் செலவைக் காரணம் காட்டி 2012 செப்டம்பரில் மூடப்பட்டது. தொலைந்துவிட்டது என்று ஓர் அமைப்பிடம் சொல்லி இரண்டாவது பாஸ்போர்ட் வாங்குவது அப்போது அவ்வளவு சிரமமாக இருக்கவில்லை. மாற்றுப் பாஸ்போர்ட் வாங்கினால் குதிரை தானாகவே உணவுக்கு உரியதல்ல என்றாகிவிடும் என்பதால், தொலைந்தது என்று சொல்லாமல் புதிதாகப் பதிவதுபோல் வேறோர் அமைப்பிடம் போனவர்களும் உண்டு.

இறைச்சிக்கூடத்தில் அரசின் ஆள், ஆய்வு மருத்துவர். உணவுத் தர முகமையின் சார்பில் வேலை செய்பவர். பிரிட்டனின் இறைச்சிக்கூடங்களில் இந்த வேலையைச் செய்பவர்களில் மிகப் பெரும்பாலோர் வெளிநாட்டில், குறிப்பாக ஸ்பெயினில் படித்துவிட்டு வந்தவர்கள். உள்ளூர் மருத்துவ மாணவர்கள் இந்தப் பக்கம் எட்டிப்பார்ப்பதில்லை. லாரி வந்து நின்றதும் அவர் பார்ப்பது இறங்குகிற கால்களைத்தான். நொண்டுகிறதா, வியர்த்திருக்கிறதா, விலாவில் கடித்த காயம் இருக்கிறதா. வரும் வழியில் அடிபட்ட குதிரையைக் கடைசி வரிசையில் காக்க வைக்கக் கூடாது. முதலில் அதை முடிக்க வேண்டும்.

லாரி விதிகளில் சில, குதிரையோடு பழகியவர்களுக்கு உடனே புரியும். அடுக்குமாடி லாரியில் மேல்தளத்தில் குதிரை ஏற்றக் கூடாது. உள்ளே மிக உயரமான குதிரையின் தோளுக்கு மேல் 75 செ.மீ. இடம் இருக்க வேண்டும். தலையை உயர்த்த முடியாத குதிரை சமநிலை இழக்கும், பயந்து உதைக்கும். பதிவு பெறாத குதிரைகளுக்கு எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தண்ணீர், 24 மணி நேரத்துக்குமேல் பயணம் கூடாது. பழக்கப்படாத குதிரை என்றால் நான்குக்கு மேல் ஒன்றாக ஏற்றக் கூடாது, எட்டு மணி நேரத்துக்குமேல் ஓட்டவும் கூடாது. பிரிட்டனிலோ குதிரை அறுக்க அனுமதி உள்ள கூடங்கள் 2013இலேயே விரல்விட்டு எண்ணும் அளவுதான். பிறகு இன்னும் குறைந்தன. ஒவ்வொரு கூடம் மூடப்படும்போதும் மீதி இருப்பதற்கான பயண தூரம் நீள்கிறது. கூடம் மூடியதை வெற்றியாகக் கொண்டாடுபவர்கள் இந்தக் கணக்கைப் போடுவதில்லை.

இறங்கிய பிறகு அடையாளச் சரிபார்ப்பு. ஸ்கேனரைக் கழுத்தின் இடப்பக்கம், தலைக்கும் தோளுக்கும் நடுவே, பிடரி மயிருக்குச் சற்றுக் கீழே ஓட்ட வேண்டும். சிப் அங்கேதான் போடப்படுகிறது. எண் வந்ததும் புதியவர்கள் நிறுத்திவிடுவார்கள். பழகியவர்கள் வலப்பக்கமும் ஓட்டுவார்கள், மார்புவரை இறக்குவார்கள். இரண்டாவது எண் ஒன்று கீச்சிட்டால் அன்றைய வேலை அங்கே நின்றுவிடும். ஒரே கழுத்தில் இரண்டு சிப் என்றால் ஒரே குதிரைக்கு இரண்டு வாழ்க்கை என்று பொருள். அவற்றில் எதில் பியூட் இருந்தது என்பதுதான் கேள்வி. சிப் உள்ள இடத்தில் மயிர் புதிதாக மழித்திருக்கிறதா, தோலில் தையல் தழும்பு தட்டுப்படுகிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பதும் இந்த வேலையில் சேர்ந்ததே.

அடுத்து, படம். பாஸ்போர்ட்டில் குதிரையின் இரு பக்கங்கள், முகம், பின்புறம், கால்கள் ஆகியவற்றின் கோட்டுருவம் அச்சடித்திருக்கும். பதிவு செய்த மருத்துவர் வெள்ளைத் திட்டுகளைச் சிவப்பு மையில் வரைந்திருப்பார். சுழிகளைக் கறுப்பு மையில் பெருக்கல் குறியாக இட்டிருப்பார். தமிழ்நாட்டில் குதிரை வாங்கப் போகிறவர் இன்றும் சுழி பார்ப்பது ராசிக்காக. அங்கே அதே சுழி கைரேகை மாதிரி. வெள்ளையே இல்லாத முழுச் செந்நிறக் குதிரை வந்தால் நெற்றிச் சுழி கண்மட்டத்துக்கு மேலா கீழா, கழுத்துச் சுழி எந்தப் பக்கம் என்பவைதாம் துணை. சிப் எண் சரியாக இருந்து, சுழி இடம் மாறியிருந்தால் சிப்பை நம்புவதா சுழியை நம்புவதா? அனுபவம் உள்ளவர்கள் சுழியை நம்புவார்கள். சிப்பை எடுத்து வேறு கழுத்தில் வைக்க முடியும்.

பல்லும் பேசும். பால் முன்பற்கள் விழுந்து நிலைப்பற்கள் வருவது ஏறக்குறைய இரண்டரை, மூன்றரை, நான்கரை வயதுகளில். மேல்வரிசைக் கோடிப்பல்லில் பத்து வயது வாக்கில் ஒரு பள்ளக்கோடு ஈறோரம் தோன்றிக் கீழே இறங்கி வரும். பதினைந்தில் பாதிப் பல், இருபதில் முழுப் பல். இது துல்லியமான கணக்கல்ல. மேய்ச்சல் நிலத்துக்கு ஏற்ப மாறும். ஆனால் பாஸ்போர்ட்டில் ஏழு வயது என்று இருக்கும் குதிரையின் பல்லில் அந்தக் கோடு பாதி தாண்டியிருந்தால் புத்தகமும் விலங்கும் வேறு வேறு என்று தெரிந்துவிடும். கையெழுத்து, முத்திரை, கிழித்து ஒட்டிய பக்கம், ஒரே பேனாவில் எழுதப்பட்ட பத்து வருடப் பதிவுகள் என்று சந்தேகிக்க வேறு இடங்களும் இருக்கின்றன. பாஸ்போர்ட் இல்லாமல் வந்த குதிரை, உணவுக்கு உரியதல்ல என்று கையெழுத்தான குதிரை, அடையாளம் பொருந்தாத குதிரை ஆகிய மூன்றுக்கும் முடிவு ஒன்றே: அதன் இறைச்சி உணவாகாது.

கொல்லும் முறையில் இங்கிலாந்தின் சட்டம் குதிரைக்கென்று தனியாகச் சில வாக்கியங்களை வைத்திருக்கிறது. ஒரு குதிரையின் கண் எதிரில் இன்னொரு குதிரையைக் கொல்லக் கூடாது. முந்தைய விலங்கின் எச்சம் கிடக்கும் அறையிலும் கூடாது. மின்கோலால் தொடக் கூடாது. துப்பாக்கியின் குறி, ஒவ்வொரு கண்ணிலிருந்தும் எதிர்ப்பக்கக் காதின் அடிக்கு மனத்தில் கோடு போட்டால் இரண்டும் வெட்டிக்கொள்ளும் புள்ளிக்குச் சற்று மேலே. குழல் கழுத்தின் போக்கிலேயே உள்நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். ஆணி பாயும் போல்ட் துப்பாக்கி என்றால் நெற்றியில் அழுத்திப் பிடிக்க வேண்டும். குண்டு பாயும் துப்பாக்கி என்றால் சில அங்குலம் தள்ளி. இரண்டையும் குழப்பிக்கொண்டால் ஆபத்து குதிரைக்கு மட்டுமல்ல, பக்கத்தில் தலைக்கயிற்றைப் பிடித்து நிற்பவருக்கும்தான். விழுந்த பிறகு சீரான மூச்சு இருக்கக் கூடாது. கண்மணியைத் தொட்டால் இமை அசையக் கூடாது. இரண்டில் ஒன்று இருந்தாலும் உடனே இரண்டாவது குண்டு.

கண்ணெதிரில் கொல்லக் கூடாது என்ற விதியின் நோக்கத்தோடு யாருக்கும் சண்டை இல்லை. நடைமுறையில் அதற்கு ஒரு சங்கடம் உண்டு. குதிரை கூட்டமாக வாழ்வது. பத்து வருடம் ஒரே துணையோடு மேய்ந்த மட்டக்குதிரையைத் தனியே பிரித்து நடத்திப் போனால் அது கனைத்துக்கொண்டே வரும், தரையில் வழுக்கும், தலையை ஓயாமல் திருப்பும். ஆடும் தலையில் குறி தவறும். துணையைத் தடுப்புக்கு அப்பால், மணமும் சத்தமும் எட்டும் தூரத்தில், ஆனால் பார்வை படாத இடத்தில் நிறுத்தத் தெரிந்த கொட்டில்காரர் இருக்கும் கூடத்தில் இந்தச் சங்கடம் பாதி தீர்ந்துவிடும். அப்படிப்பட்ட கையைச் சட்டம் உண்டாக்க முடியாது. கொல்பவருக்குத் தகுதிச் சான்றிதழ் வேண்டும் என்று 2013 முதல் ஐரோப்பிய விதிமுறை 1099/2009 கேட்கிறது, அவ்வளவுதான்.

அறுத்த பின் வரும் பரிசோதனைகள் இந்தத் தொழிலிலேயே உறுதியான பகுதி. வெள்ளை, சாம்பல் நிறக் குதிரைகளுக்குத் தோள்பட்டையின் கட்டை ஒரு பக்கம் தளர்த்தி, குருத்தெலும்புக்கு அடியில் உள்ள தசையையும் நிணமுடிச்சையும் பார்க்க வேண்டும். வயதான சாம்பல் குதிரைகளில் கறுப்புக் கட்டிகள் அங்கே ஒளிந்திருக்கும். வெளியே பளிச்சென்று வெண்மையாக நின்ற விலங்கின் தோளைத் தூக்கினால் மை கொட்டியதுபோல் இருக்கும். டிரைக்கினெல்லா என்ற புழுவுக்காக ஒவ்வொரு உடலிலிருந்தும் நாக்கு அல்லது தாடைத் தசை ஆய்வகம் போகும். புல் தின்னும் விலங்கில் இந்தப் புழு எப்படி என்று பலரும் கேட்பார்கள். 1975இல் இத்தாலியிலும் 1976இல் பிரான்சிலும் குதிரைக்கறி சாப்பிட்டவர்கள் நோயில் விழுந்த பிறகே ஐரோப்பா அதை நம்பியது. முடிவு வரும்வரை உடல் குளிரறையை விட்டு நகராது. கல்லீரலும் சிறுநீரகமும் காட்மியம் என்ற நச்சு உலோகத்தைச் சேர்த்து வைக்கும் உறுப்புகள். குதிரை மற்ற உணவு விலங்குகளைவிட அதிக வயது வாழ்வதால் அவற்றில் அதிகம் சேர்கிறது. இவற்றில் ஏமாற்றுவது கடினம், ஏனென்றால் பார்க்க வேண்டியது எல்லாம் மேசைமேல் கிடக்கிறது. பியூட் அப்படிக் கிடப்பதில்லை.

2013 ஜனவரி 15 அன்று அயர்லாந்தின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஒரு முடிவை வெளியிட்டது. மாட்டிறைச்சி பர்கர் என்று விற்ற 27 பொருள்களைச் சோதித்ததில் பத்தில் குதிரையின் மரபணு இருந்தது. ஒன்றில் இறைச்சியின் 29 சதவீதம் குதிரை. சில வாரங்களில், உறைய வைத்த லசானியா சிலவற்றில் இறைச்சி முழுக்கக் குதிரைக்கறியாகவே இருப்பது தெரிந்தது. ஐரோப்பா முழுக்க அவசரமாக 4,144 மாதிரிகளில் மரபணுச் சோதனை நடத்தி 193இல் குதிரையைக் கண்டார்கள். 3,115 குதிரை உடல்களைச் சோதித்ததில் 16இல் பியூட் இருந்தது. பிரிட்டனில் ஜனவரி கடைசியிலிருந்து பிப்ரவரி முதல் வாரம் வரை 206 உடல்களைச் சோதித்ததில் எட்டில் இருந்தது. மனிதருக்கு மருந்தாகக் கொடுக்கும் தினசரி அளவை நெருங்கவே ஒருவர் தினம் ஐந்நூறு அறுநூறு குதிரை பர்கர் சாப்பிட வேண்டும் என்று அன்றைய தலைமை மருத்துவ அதிகாரி சாலி டேவிஸ் விளக்கினார். அவர் சொன்னது சரியே. ஆனாலும் ஆய்வு செய்பவர்களின் கவலை வேறு: 206க்கு எட்டு என்றால் நூற்றுக்கு ஏறத்தாழ நான்கு பாஸ்போர்ட் பொய் சொல்லியிருக்கிறது. பியூட் விஷயத்திலேயே பொய் சொன்ன புத்தகம் மற்ற மருந்துகளைப் பற்றி உண்மை சொல்லும் என்று எப்படி எடுத்துக்கொள்வது?

அதே பிப்ரவரியில் பிரிட்டனில் ஒவ்வொரு குதிரை உடலையும் சோதித்து, பியூட் இல்லை என்ற முடிவு வந்த பிறகே வெளியே விடும் முறை வந்தது. இந்த விவகாரத்தை அடுத்துப் பேராசிரியர் கிறிஸ் எலியட் தலைமையில் நடந்த விசாரணையின் இறுதி அறிக்கை 2014இல் வெளியாகி, உணவுக் குற்றங்களுக்கென்று தனிப் பிரிவு உருவானது. அந்த அறிக்கையின் பெரும்பகுதி நிறுவனங்களின் கொள்முதல் சங்கிலி பற்றியது. குதிரையின் பாஸ்போர்ட்டைச் சரிசெய்யும் வேலை தனியே, மெதுவாக நடந்தது. மையத் தரவுத்தளம் 2018இல்தான் திரும்ப வந்தது. இங்கிலாந்தில் வயது வித்தியாசமின்றி எல்லாக் குதிரைகளுக்கும் சிப் கட்டாயமானது 2020 அக்டோபரில். ஐரோப்பாவில் 2016 முதல் ஒவ்வொரு நாடும் மையப் பதிவு வைத்திருக்க வேண்டும் என்றாயிற்று. இதற்கிடையே ஸ்பெயினில், உணவுக்கு உதவாத கிழட்டுக் குதிரைகளுக்கு சிப்பையும் ஆவணத்தையும் மாற்றி பெல்ஜியத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்த ஒரு கும்பலை 2017இல் பிடித்தார்கள்; 65 பேர் கைதானதாக ஐரோப்பியக் காவல் முகமையான யூரோபோல் அறிவித்தது.

மேற்பார்வையையே எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்கா சாட்சி. அங்கே குதிரை அறுப்பதைத் தடைசெய்யும் மத்தியச் சட்டம் நிறைவேறவில்லை. அதற்குப் பதில் குதிரை ஆய்வாளருக்குச் சம்பளம் கொடுக்கும் நிதியை 2005இல் காங்கிரஸ் நிறுத்தியது. ஆய்வு இல்லாத இறைச்சியை விற்க முடியாது. கூடங்கள் தாங்களே கட்டணம் கொடுத்து ஆய்வாளரை வைத்துக்கொள்ளும் ஏற்பாட்டை 2007 மார்ச்சில் நீதிமன்றம் ரத்து செய்தது. டெக்சாஸில் இருந்த இரண்டும் இல்லினாயிஸில் இருந்த ஒன்றும் மாநிலச் சட்டங்களின் காரணமாக அந்த ஆண்டே மூடின. குதிரைகளோ நிற்கவில்லை. நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் 2011இல் தந்த அறிக்கையின்படி, 2006இலிருந்து 2010க்குள் அறுப்புக்காகக் கனடா போனவை 148 சதவீதமும் மெக்சிகோ போனவை 660 சதவீதமும் கூடியிருந்தன. 2010இல் மட்டும் ஏறத்தாழ 1,38,000. இரண்டு கண்ணும் தெரியாத குதிரை, நான்கு காலையும் ஊன்ற முடியாத குதிரை, வழியில் ஈன்றுவிடக்கூடிய சினைக்குதிரை, ஆறு மாதம் நிரம்பாத குட்டி இவற்றை ஏற்றக் கூடாது, 28 மணி நேரத்துக்குமேல் இறக்காமல் வண்டியில் வைக்கக் கூடாது என்று அமெரிக்காவில் 2001இலேயே விதி இருந்தது. ஏற்றுகிறவர் இதைச் சான்றிதழில் எழுதிக் கொடுக்க வேண்டும். எல்லை தாண்டிய பிறகு அந்தச் சான்றிதழ்கள் பல அரைகுறையாக இருந்தன, பல திரும்பி வரவில்லை.

கனடா 2010 ஜூலை 31 முதல் ஒரு தகவல் படிவத்தைக் கட்டாயமாக்கியது: கடைசி 180 நாளில் கொடுத்த மருந்துகளை உரிமையாளர் எழுதிக் கையெழுத்திட வேண்டும். ஆனால் ஏலச் சந்தையில் காலையில் வாங்கி மாலையில் லாரி ஏற்றும் வியாபாரிக்கு அந்த 180 நாளைப் பற்றி என்ன தெரியும்? முந்தையவர் சொன்னதை எழுதுகிறார். முந்தையவர் அவருக்கு முந்தையவர் சொன்னதைச் சொல்கிறார். பாஸ்போர்ட் பக்கம் வெள்ளையாக இருக்கும் பிரிட்டிஷ் குதிரைக்கும் இதற்கும் நோய் ஒன்றேதான். ஐரோப்பிய ஒன்றியம் இந்த எழுத்தை நம்பவில்லை. மெக்சிகோவிலிருந்து குதிரைக்கறி இறக்குமதியை 2015 ஜனவரியில் நிறுத்தியது. அமெரிக்கக் குதிரையாக இருந்தால் கனடாவில் ஆறு மாதம் வைத்திருந்து, அதற்குப் பிறகு அறுத்தால்தான் வாங்குவோம் என்று 2017 மார்ச் முதல் நிபந்தனை போட்டது. ஆவணத்தை நம்ப முடியாதபோது காலத்தை அடமானமாகக் கேட்பது என்ற இந்த யோசனை நேர்மையானது. அதற்கான விலையை ஆறு மாதம் சேற்றுப் பட்டியில் நிற்கும் குதிரை கொடுக்கிறது.

உயிரோடு ஏற்றுமதி செய்யும் விஷயத்தில் பிரிட்டன் வெகுகாலம் ஒரு வேடிக்கையான கருவியை வைத்திருந்தது. 1969ஆம் ஆண்டின் மட்டக்குதிரைச் சட்டம், குறிப்பிட்ட விலைக்குக் குறைந்த மட்டக்குதிரையை ஏற்றுமதி செய்யக் கூடாது என்றது. கறி விலையைவிடக் குதிரை விலை அதிகமாக இருந்தால் அதைக் கறிக்காக யார் வாங்குவார் என்பது கணக்கு. கணக்கு பெரும்பாலும் பலித்தது. ஆனால் சவாரிக்குப் போகிறது என்று பொய் சொல்லி ஏற்றுபவருக்கு அதனிடம் மருந்தில்லை. பிரிட்டன், அயர்லாந்து, பிரான்ஸ் மூன்றுக்கும் இடையே சான்றிதழ் இல்லாமலே குதிரைகள் போய்வர ஓர் ஒப்பந்தம் இருந்தது. 2014இல்தான் அது, பிரான்சுடனான போக்குவரத்தில், உயர்ந்த சுகாதாரத் தகுதி உள்ள குதிரைகளுக்கு மட்டும் என்று சுருக்கப்பட்டது. அறுப்புக்காக உயிருள்ள குதிரையை ஏற்றுமதி செய்வதையே தடைசெய்யும் சட்டம் 2024 மே மாதம் வந்தது.

இங்கிலாந்தின் இறைச்சிக்கூடங்களில் விலங்கு உயிரோடு இருக்கும் எல்லா இடங்களிலும் கேமரா வேண்டும், பதிவை 90 நாள் வைத்திருக்க வேண்டும் என்று 2018இல் விதி வந்தது. 2021இல் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒரு கூடத்தின் மறைகேமராப் பதிவுகளை ஒளிபரப்பியது: தூரத்திலிருந்து சுடுவது, இன்னொரு குதிரையின் எதிரில் சுடுவது. அந்தக் கூடத்தில் அதிகாரபூர்வக் கேமராக்களும் இருந்திருக்க வேண்டியவைதாம். ஆய்வு மருத்துவர் ஒருவர் ஒரே நாளில் வாசலில் பாஸ்போர்ட் பார்க்க வேண்டும், கொல்லும் இடத்தில் நிற்க வேண்டும், உடல்களை அறுத்துப் பார்க்க வேண்டும். பிறகு மணிக்கணக்கான பதிவையும் பார்க்க வேண்டும் என்றால், பார்ப்பது சில நிமிடத் துண்டுகள் மட்டுமே. கேமரா வாங்கும் செலவைச் சட்டம் கூடத்தின் தலையில் கட்டியது. உட்கார்ந்து பார்க்கும் நேரத்தை யார் தலையிலும் கட்டவில்லை. அந்த ஒளிபரப்புக்குப் பிறகு விதி வந்தது வேறு இடத்தில்: பிரிட்டனில் பந்தயம் ஓடும் எந்தக் குதிரையும் உணவுச் சங்கிலிக்கு வெளியே என்று முன்பே கையெழுத்தாகியிருக்க வேண்டும் என்று 2022 ஜனவரி 1 முதல் பந்தய ஆணையம் கட்டாயமாக்கியது.

இந்தக் கையெழுத்துகள் கூடக்கூட அறுக்கத் தகுந்த குதிரைகள் குறைகின்றன. கையெழுத்தான குதிரை வயதாகி விழும்போது உரிமையாளர் பணம் வாங்குவதில்லை, கொடுக்கிறார்: மருத்துவரின் ஊசிக்கு, உடலை எடுத்துப்போகும் வண்டிக்கு, எரிப்பதற்கு. கையில் காசு இல்லாதவர் சந்தையில் கிடைத்த விலைக்குத் தள்ளிவிடுகிறார், அல்லது இரவோடு இரவாகப் பொது நிலத்தில் அவிழ்த்துவிடுகிறார். தரகர்கள் காத்திருப்பது இப்படிப்பட்ட விலங்குக்காகத்தான். அதற்கு ஒரு நல்ல பாஸ்போர்ட்தான் தேவை. குதிரை இறந்தால் பாஸ்போர்ட்டை 30 நாளுக்குள் வழங்கிய அமைப்புக்குத் திருப்பி அனுப்ப வேண்டும் என்று பிரிட்டனில் விதி இருக்கிறது. இறைச்சிக்கூடத்தில் இறந்தால் அங்கேயே புத்தகம் செல்லாததாக்கப்பட்டு, எண் பதிவிலிருந்து நீக்கப்படுகிறது, சிப்பும் வெளியே எடுக்கப்படுகிறது. வயல்வெளியில் இறந்த குதிரையின் புத்தகம் பல வீடுகளில் நினைவுக்காக அலமாரியிலேயே தங்கிவிடுகிறது. அது உண்மையாகவே ஒரு குதிரைக்கு வழங்கப்பட்ட, மருந்துப் பக்கம் வெள்ளையாக உள்ள, பதிவில் இன்னும் உயிரோடு இருக்கும் பாஸ்போர்ட். அது வேறொரு குதிரையோடு வாசலுக்கு வந்தால் அதை மறுக்க, ஆய்வு மருத்துவரிடம் ஸ்கேனரும், சிவப்பு மைத் திட்டுகளும், சுழியும், பல்லும் தவிர வேறு ஒன்றும் இல்லை.